ரவியைப் போகவிடாத மாமி

ஹரோவில் எங்கள் பகுதி நாடகக் குழு, அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி ஒருத்தியின் கதையை இசை நாடகமாகப் போடுகிறது. என் கணவர் ரவிக்கு, பாடகியைக் கைவிட்டுப் போகும் கணவன் வேடம். இன்று மதியம் முதல் காட்சி.

ரவியின் அம்மாவையும் கூட்டிப்போனேன். மாமிக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. ஆனால் பாடகி கிற்றாரைக் கட்டிக்கொண்டு அழ, ரவி பெட்டியைத் தூக்கியது நன்றாக விளங்கிவிட்டது.

எழும்பி நின்று கத்தினார்: “டேய் ரவி! அந்தப் பிள்ளையை அழவிட்டிட்டு எங்கையடா போறாய்?”

மூன்று மாதம் பாடமாக்கிய வசனம் ரவிக்கு மறந்துபோனது. வாயில் வந்தது இதுதான்: “போயிட்டு வாறன், அம்மா.”

பாடகியாக நடித்த லூசிக்கு ‘அம்மா’ மட்டும் விளங்கியிருக்கிறது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “பார், உன் அம்மாவே என் பக்கம்!” என்றாள் ஆங்கிலத்தில். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் எங்களிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், “நாளைக்கும் அம்மா வருவாரா?” என்று கேட்டார்.

மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

“ஓம், வாறன். ஆனா நாளைக்கும் அவனைப் போக விடமாட்டன் எண்டு சொல்லு.”

நாளை வருகிறவர்கள் சொல்லுங்கள்: மாமிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார யாருக்குத் துணிவு இருக்கிறது?