துருத்தியின் மூச்சு

ஸ்டூடியோவில் அவருக்குப் பெயர் துருத்தி. புல்லாங்குழலை உதட்டில் வைப்பதற்கு முன் அவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மைக்கில் அப்படியே விழும். பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். பதிவுக்குப் பிறகு அந்த மூச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டி எறிவதும் நான்தான். இருபத்திரண்டு வருஷம் இதுதான் பிழைப்பு. "எல்லாத்தையும் வெட்டிட்டியாப்பா?" என்று சிரித்துக்கொண்டே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி. அண்ணி வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவர். கீழ் மடிப்புக்குள் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பார், திரை காற்றில் அலையாது. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வந்த ஒருவரிடம், "ஜன்னலை மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவர். அண்ணனை நுரையீரல் நோய் கொண்டுபோனபோதுகூட யார் முன்னாலும் அழவில்லை.

எட்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவரு வாசிச்சதையெல்லாம் கேக்கணும். போன்ல கேட்டா தகர டப்பாவுக்குள்ள ஊதுற மாதிரி இருக்கு. எதை அமுக்குறதுன்னும் தெரியல. நல்லா கேக்கணும், எனக்குச் சுலபமா இருக்கணும். ஏதாவது பண்ணுங்க."

எனக்கு அதைவிட என்ன வேண்டும்? போனில் வரும் பாட்டு இடத்தை மிச்சம் பிடிக்கப் பாதிச் சத்தத்தைத் தொலைத்துவிட்டுத்தான் வந்து சேரும். ஸ்டூடியோவில் நான் வெட்டி முடித்து வைத்திருக்கும் முழுக் கோப்பில் எள்ளளவும் குறையாது. அவற்றையெல்லாம் திரட்டி ஒரு சின்னப் பெட்டிக்குள் ஏற்றினேன். இரண்டு நல்ல ஸ்பீக்கர், ஒரே ஒரு திருகு. வலப்பக்கம் திருப்பினால் வாசிக்கும், இடப்பக்கம் திருப்பினால் நிற்கும். பாஸ்வேர்டு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

காலையில் கொண்டுபோய்த் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணி திருகைத் திருப்பினார். குழல் அறை முழுக்க நிறைந்தது. அவர் ஒரு நீலத் துணியை ஊசிக்கடியில் கொடுத்து மிதிக்கத் தொடங்கினார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். தையல் கோணிக்கொண்டு போயிற்று. அந்தக் கைக்குத் தையல் கோணி நான் பார்த்ததே இல்லை.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, இவரு எங்க மூச்சு விடுறாரு?"

"அதெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன் அண்ணி. ஒண்ணுகூட விடல." பெருமையாகச் சொன்னேன், பாவி.

அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த மூலைலதான் உக்காந்து வாசிச்சுப் பழகுவாரு. அவரு ஊதுறப்போ நான் தைப்பேன். மூச்சு இழுக்குறப்போ காலை எடுத்துட்டு, துணியை நேராக்கிக்குவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். இதுல நிறுத்தவே இல்லையே. மூச்சே விடாம வாசிக்கிறது யாரு தம்பி?"

நானே சுத்தம் செய்த இசைதான். ஆனாலும் அந்த மூலையைப் பார்க்கப் பயமாக இருந்தது. மூச்சு விடாத ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருந்தது. கையை நீட்டித் திருகை இடப்பக்கம் திருப்பினேன்.

வெட்டாத பதிவுகளை மூன்று நாள் தேடினேன். இடம் போதவில்லை என்று அவ்வப்போது நானே அழித்திருந்தேன். கடைசியில் மைக் சோதனைக்கு எடுத்த ஒரு துண்டு கிடைத்தது. மைக் சோதனையை யாரும் சுத்தம் செய்வதில்லை. "ஆரம்பிக்கட்டுமா?" என்கிறார். மூச்சை இழுக்கிறார். பிறகு நாலே நாலு சுரம். இழுத்த மூச்சின் கடைசியில் நூல் மாதிரி ஒரு விசில் இருந்தது. டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு வருஷம் முந்திய பதிவு அது. அந்த விசிலையும் சேர்த்துத்தான் நான் தினமும் வெட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட என்ன இது என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் மூச்சு விட்டாலும் என் காது முதலில் அந்த விசிலைத்தான் தேடுகிறது.

அந்தத் துண்டைப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தேன். அண்ணி திருப்பினார். அவர் குரல், அவர் மூச்சு. குழல் தொடங்குவதற்குள் இடப்பக்கம் திருப்பிவிட்டார். மறுபடியும் போட்டார், அதே இடத்தில் நிறுத்தினார்.

"அதுக்கப்புறம் வாசிக்கிறாரு அண்ணி."

"வாசிச்சா மூச்சு தீந்துடும். இழுத்தது உள்ளயே இருக்கட்டும்."

அண்ணி இன்னொரு முறை போட்டு, அதே இடத்தில் நிறுத்தினார்.

"கடைசில ஒரு விசில் வருதே, கேக்குதா?"

"கேக்குது அண்ணி."

"எனக்கு அப்பவே கேட்டுச்சு தம்பி. மெஷின்னு நெனச்சு எண்ணெய் போட்டேன். வாரா வாரம் போட்டேன்."

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, திருகை மறுபடியும் வலப்பக்கம் திருப்பினார்.