மொட்டைத் தகடு

ஒரு ஜீப், பதினோரு ஊர். உங்கள் கையில் கொடுத்தால் முதலில் யாரை ஏற்றுவீர்கள்? அழுகிறவரையா, அதட்டுகிறவரையா, சொந்தக்காரரையா? நீங்கள் யோசித்துக்கொண்டிருங்கள். வேடியப்பன் அதற்குள் முதல் ஆணியிலிருந்த தகட்டைக் கழற்றிக் கடைசி ஆணியில் மாட்டிவிட்டார்.

“நவுரு, நவுரு” என்று மிச்சத் தகடுகளிடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் ஓர் ஆணி முன்னால் நகர்த்துகிறார். எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தகடுகள். கரியாலூருக்கு மேலே, பஸ் போகாத பதினோரு ஊர்களுக்கும் ஊருக்கொன்று. எழுத்துத் தெரியாதவர்களும் தங்கள் ஊரைக் கண்டுகொள்ளட்டும் என்று ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய படம்: ஒன்றில் கலப்பை, ஒன்றில் பலாப்பழம், ஒன்றில் மயில். முதல் ஆணியில் எந்தப் படம் தொங்குகிறதோ அந்த ஊருக்கு இன்றைக்கு மலைமக்கள் சங்கத்து ஜீப். மூட்டையும் ஏறும், ஆளும் ஏறும். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் போய்த் திரும்பியதும் அந்தத் தகடு வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

வேடியப்பனுக்கு வயது ஐம்பதைத் தாண்டும். இரண்டாம் வகுப்பு. சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும், எழுதிப் பார்த்தவர் யாருமில்லை. டிரைவர் பாவாடை கையெழுத்துப் போடக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார், மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். மூடி இல்லாமல் யாரும் பேனாவோடு கிளம்பிவிட மாட்டார்களாம். சங்கத்துச் சுவரோரம் மூன்று கால் ஒழுங்காகவும் ஒரு கால் குட்டையாகவும் ஒரு ஸ்டூல். அதுதான் அவர் ஆபீஸ்.

ஜீப் வந்த புதிதில் முறையைச் சாமி சொல்லியது. பூசாரி பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார். நான்கு மாதம் பார்த்தார். வெள்ளைப் பூ, பூசாரியின் மாமியார் ஊருக்கும் அண்ணன் ஊருக்கும் மாறி மாறி விழுந்தது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “சாமி மேல பழியப் போடாதீங்க, ஆணி மேல போடுங்க. ஆணிக்கு மாமியார் வூடு கெடையாது” என்றவர் வேடியப்பன். நானும் பகுத்தறிவு பேசும் கூட்டங்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இவ்வளவு சிக்கனமாக யாரும் பேசியதில்லை.

ஆணிக்கு அவருடைய சொந்தமும் தெரியாது. பங்காளி வீட்டுப் பெரியம்மாள் மரவள்ளி மூட்டையை இறக்கிவைத்துக் கெஞ்சிப் பார்ப்பாள்.

“ஒரு ஆணி முன்னால தள்ளுனா இன்னா கொறைஞ்சா பூடுவ?”

“பங்காளிங்கறதாலதான் தள்ள மாட்டேங்கறேன். நாளைக்கு நீயே சொல்லுவ, வேடியப்பன் ஆளு பாத்து ஆணி அடிக்கிறான்னு.”

“உன் ஆணில மொளகா காயப் போட!”

“போடு. அதுவும் வரிசையா போடு.”

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். பெரியம்மாளும் சிரித்துவிடுவாள். தன் முறை தவறாமல் வரும் என்று தெரிந்தவர்களால்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன் செப்டம்பரில் ஒரு நாள் மட்டும் அந்த வரிசை உடைந்தது. உடைத்தவர் வேடியப்பன்.

அன்று முதல் ஆணியில் மயில். மாயவனின் ஊர். மாயவன் மகள் சாலம்மாள் அந்த ஊரில் பத்தாவது தேறிய முதல் பெண். நர்ஸ் பயிற்சிக்கு மலைமக்களுக்கென்று ஒதுக்கிய ஒரே ஓர் இடத்துக்குக் கடலூரில் நேர்காணல். மறுநாள் காலை பத்து மணி. அவள் மலைச்சாதிதான் என்று ஒரு காகிதம் வாங்க அப்பனும் மகளும் பதினான்கு தடவை கள்ளக்குறிச்சிக்குப் போய்வந்திருந்தார்கள். மலையில் பிறந்தவளிடம் மலையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கிற நாடு இது. கரியாலூர்வரை வரும் ஒரே பஸ், மழையில் பாதை சரிந்ததால் பத்து நாளாக வரவில்லை. ஜீப் மட்டும் ஒதுங்கி ஒதுங்கிப் போய்வந்தது. சாலம்மாள் விடிவதற்கு முன்பே வந்து, சான்றிதழை பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஓர் அதிகாரி வந்தார். எந்தத் துறை என்று எழுதினால் மற்றத் துறைகள் தப்பித்துக்கொள்ளும். மலையில் நான்கு நாள் தங்கியிருந்தவர். கூடவே மனைவி, இரண்டு டின் தேன், நான்கு பலகை. ஜீப் உடனே வேண்டும் என்றார்.

வேடியப்பன் எழுந்து நின்றார். அவருடைய அப்பா, அந்த மலையை ஆண்ட ஜாகீர்தாரின் டோலியைச் சுமந்தவர். பெரிய மனிதர் வந்தால் பாதையைவிட்டு இறங்கி நிற்பது அந்த மலையில் கால்களுக்கே பழகிப்போன காரியம். ஜாகீர் ஒழிந்தது, கால்களுக்கு யாரும் உத்தரவு அனுப்பவில்லை.

“இந்தப் பொண்ணு கடலூர் போவணுங்க. பின்னால ஒரு ஓரமா...”

“பலகை இருக்கு பாரு. எடமில்ல. வண்டி மதியத்துக்குள்ள திரும்பிடும், அதுல அனுப்பு.”

வேடியப்பன் மாயவனைப் பார்த்தார். “மதியத்துக்குள்ள வந்துருமாம்பா. கீழ போயி சாயங்காலம் பஸ்ஸப் புடிச்சாகூட ராத்திரியே கடலூர் பூடலாம்.” மாயவன் தலையாட்டினான். மயில் தகடு முதல் ஆணியிலேயே தொங்க, ஜீப் மலையிறங்கியது.

மதியம் ஜீப் வரவில்லை. இருட்டும்வரை வரவில்லை. கீழ்நாட்டில் இட ஒதுக்கீட்டில் தங்கள் பங்கைக் கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியும் காலேஜ் வாசலை மிதிக்காத ஜனங்கள். அவர்கள் கேட்டது நியாயம். முதல் மரம் அன்று மதியமே சாலையில் விழுந்துவிட்டது, பாவாடையும் ஜீப்பும் கீழே மாட்டிக்கொண்டார்கள். இந்தச் செய்தி மலைக்கு மட்டும் வந்திருக்கவில்லை. அங்கே செய்தித்தாள் வருவதே இரண்டு நாள் கழித்துத்தான், அதுவும் பஸ்ஸோடு நின்றுபோயிருந்தது. அதிகாரிக்குத் தெரியும். அவருடைய அவசரமே அதனால்தான்.

நேரம் தப்பினாலும் போய்க் கெஞ்சிப் பார்க்கலாம் என்று அப்பனும் மகளும் மறுநாள் விடியுமுன் நடக்கத் தொடங்கினார்கள். சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தபோது அங்கே ஒரு பஸ்ஸும் இல்லை. கடலூரில் வந்து சேர முடிந்தவர்களை வைத்து நேர்காணலை முடித்துவிட்டார்கள். மலைக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகவே கிடந்தது. ‘தகுதியான நபர் வரவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறார்கள். பங்கு கேட்டவர்களுக்குச் சாலை கிடைத்தது. பங்கு கிடைத்தவளுக்குச் சாலை இல்லை. இந்த இரண்டு ஏழைகளையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுப் பலகையோடு வீடுபோய்ச் சேர்ந்தவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

ஜீப் திரும்பிய அன்று வேடியப்பன் மயில் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாயவன் வீட்டுக்கு நடந்தார். சாலம்மாள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குடகில் காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னத் திட்டிட்டுப் போம்மா” என்றார்.

“உன்ன இன்னாத்துக்கு மாமா திட்டணும்? அந்த ஆளு வந்தப்ப நானுந்தான் எந்திரிச்சு நின்னேன்.”

திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். இந்தப் பதிலை இரண்டு வருடமாகச் சுமக்கிறார். சாலம்மாள் குடகிலிருந்து பொங்கலுக்கு மட்டும் வருகிறாள். அந்த பாலிதீன் பை மாயவன் வீட்டுக் கூரையில் செருகியபடியே இருக்கிறது.

இப்போது அந்தச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள். பன்னிரண்டாவது தகட்டில் படம் எதுவும் குத்தவில்லை, மொட்டைத் தகடு. அது மலைக்கு வரும் வெளியாட்களுக்கு. யார் வந்தாலும் அதை எடுத்துக் கடைசி ஆணியில் மாட்டுவார், அங்கிருந்து மற்றத் தகடுகளைப்போல ஒவ்வோர் ஆணியாகத்தான் முன்னால் வரவேண்டும். “நோவோ நொடியோன்னா ஆணி கெடையாது, அப்புடியே ஏத்திக்கினு போயிருவோம். மத்ததுக்கு இன்னா அவசரம்?” என்கிறார்.

சொல்வது எளிது. சென்ற மாதம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். வேடியப்பன் “கடைசி ஆணிங்க” என்றார். குரல் நடுங்கவில்லை. ஆனால் அவருடைய இரண்டு கைகளும் ஸ்டூலின் விளிம்பை விரல் வெளுக்க இறுகப் பிடித்திருந்தன. கால்கள் எழுந்துவிடாமல் அவர் தன்னைத்தானே பிடித்து உட்கார்த்தி வைத்திருந்தார்.

நீங்கள் ஒருநாள் அருவி பார்க்கக் கரியாலூர்ப் பக்கம் போவீர்கள். வெளியூர்க்காரர் என்பதற்காக யாராவது உங்களுக்கு முன் இருக்கையைக் காட்டுவார்கள். ஏறாதீர்கள். சங்கத்துக்குள் போங்கள். அந்தக் கைகள் ஸ்டூலைப் பிடிப்பதற்கு முன்பே மொட்டைத் தகட்டை நீங்களே கேட்டு வாங்கி, கடைசி ஆணியில் மாட்டிவிட்டு, காத்திருங்கள்.