காலிக் கட்டத்தில் வைத்த முகம்

என் மகளுக்கும் எனக்கும் அதிகம் சண்டை வந்தது ஜாமீனைப் பற்றித்தான். அவள் அப்போது சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டு. மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தாள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதான ஒருவனுக்கு ஜாமீன் கேட்டு வாதாட வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு எதிரே நின்று வாதாடிப் பழகுவாள். நான் நீதிபதி. என் மனைவி தோசைக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் ஒருநாளும் ஜாமீன் கொடுத்ததில்லை.

"அப்பா, இந்தச் சட்டத்துல ஜாமீன் கட்டத்துல சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது. போலீஸ் எழுதிக் குடுத்ததை நீதிபதி படிச்சுப் பாத்து, மேலோட்டமா உண்மை மாதிரி தெரிஞ்சாலே ஜாமீன் கிடையாது. அப்ப கைதானவன் வக்கீல் எதுக்குக் கோர்ட்டுக்கு வரணும்?"

"வெளிய விட்டு, அவன் நாலு பேர் கூடுற இடத்துல எதையாச்சும் வச்சுட்டா? செதறினதை நீ வந்து பொறுக்குவியா?"

"வருஷக்கணக்கா உள்ள வச்சுட்டு, கடைசியில நிரபராதின்னு விட்டா?"

"கஷ்டந்தான். ஆனா உயிரோட இருப்பான்ல."

"இவருட்ட போய் வாதாடுற பாரு" என்பாள் மனைவி. "ஸ்கூல்ல லீவ் லெட்டரைக்கூட ரெண்டு தடவை திருப்பி அனுப்புற ஆளு."

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தலைமை எழுத்தர். மகளைச் சீண்டுவதற்காக அப்படிப் பேசவில்லை, அதைத்தான் நம்பினேன். கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டுவதிலும், ஃபோனை வெளியே கொடுத்துவிட்டுப் போவதிலும் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. மடியில் கனமில்லாத நமக்கு என்ன என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் அவள் தேர்வு எழுதி முடித்த கையோடு, எழுமலையில் கட்டிக்கொடுத்த என் தங்கையின் பிள்ளைகளுக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் நான். சீர்வரிசை கொண்டுபோக வேண்டும். அதைவிட முக்கியமாக ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் ஃப்ளெக்ஸ் இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். மேலே பிள்ளைகளின் படம், நடுவே மாமன், கீழே வரிசையாகக் கட்டம் கட்டிச் சொந்தக்காரர்களின் முகங்கள். எத்தனை முகம் இருக்கிறதோ அத்தனை பேர் மாமனுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று கணக்கு.

செல்லூரில் எங்கள் தெருமுனையில்தான் ஃப்ளெக்ஸ் கடை. கடைக்காரர் கணினித் திரையில் எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினார்.

"அண்ணே, பன்னெண்டு கட்டம். பதினோரு படந்தான் குடுத்திருக்கீக. உங்க மக பக்கத்துல ஒண்ணு காலியா நிக்குது."

"இருக்கிறதைப் பெருசாக்க முடியாதா?"

"பல்லு விழுந்த மாதிரி இருக்கும்ணே. நம்ம ஏரியாப் பயலுக படம் அம்புட்டும் எங்கிட்ட கெடக்கு. ஒண்ணைத் தூக்கிப் போடவா?"

"பாத்து நல்ல சட்டை போட்டவனாப் போடு மாப்ள" என்றேன். கடையிலிருந்த எல்லோரும் சிரித்தோம்.

அவர் போட்டது, இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் இளைஞனின் படம். விசைத்தறி ரிப்பேர் பார்ப்பவன், இருபத்து நான்கு வயதிருக்கும். போன பொங்கலுக்கு ஏதோ விளையாட்டுப் போட்டி ஃப்ளெக்ஸுக்காகக் கொடுத்த படம். அந்தக் கட்டத்துக்கு அடுத்து, கறுப்புக் கோட்டில் என் மகள். பெயருக்குக் கீழே 'வழக்கறிஞர்' என்று போடச் சொன்னதும் நான்தான்.

அச்சாகி வந்ததைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. "நான் இன்னும் பதிவு பண்ணவே இல்லையேப்பா. இது தப்பு."

"இன்னும் நாலஞ்சு மாசத்துல பண்ணத்தான போற. எழுமலைக்காரன் எவன் வந்து கேக்கப்போறான்?"

மண்டபத்துக்கு ஒன்று, எங்கள் தெருமுனைக்கு ஒன்று என இரண்டு அடித்தோம். அந்த இளைஞன் தெருமுனையில் தன் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவனை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். தொலைக்காட்சியில் படம் வந்தது. தடை செய்யப்பட்ட ஓர் அமைப்போடு ஃபோன் வழியாகத் தொடர்பு என்றார்கள். மேற்கொண்டு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"ஏங்க, இந்தப் பையன் நம்ம ஃப்ளெக்ஸுல இருந்தான்ல?" என்றாள் மனைவி.

நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.

மகள் வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்த நேரம் அது. பதிவுக்குக் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று வேண்டும். வழக்கு இல்லை, நடத்தையில் குறை இல்லை என்று நிலையத்திலிருந்து எழுதி வர வேண்டும். ஐந்து வருடப் படிப்பு அந்த ஒரு தாளில் நின்றது.

அவன் கைதான ஒன்பதாவது நாள் அவளுக்கு ஃபோன் வந்தது. மறுமுனையில் விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அந்த இளைஞனின் ஃபோனில் அவள் படம் இருக்கிறது, நாளை பத்து மணிக்கு அலுவலகம் வந்தால் சின்னதாக ஒரு விசாரணை, அவ்வளவுதான்.

"எழுத்துல அனுப்புங்க சார். பெண் சாட்சியை அவங்க வீட்டுல வச்சுத்தான் விசாரிக்கணும்னு சட்டம் இருக்கு. எப்ப வேணா வாங்க, நான் இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ஏம்மா இப்படிப் பேசுற? போயிட்டு வந்துருவோம். பத்து நிமிஷம்."

"அங்க போனா அவங்க என்ன எழுதுறாங்கன்னே நமக்குத் தெரியாது. இங்கன்னா நீங்களும் அம்மாவும் இருப்பீங்க."

"தெருவே பாக்குமேம்மா."

"பாக்கட்டும்ப்பா."

எங்கள் சந்தில் கார் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். மூன்று பேர் நடந்து வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தறி நிற்பது எனக்குக் கேட்டது. ஒருவர் வடக்கே இருந்து வந்த மேலதிகாரி, ஆங்கிலத்தில் பேசினார். இன்னொருவர் தமிழர், மடிக்கணினியில் தட்டச்சு செய்தார். மூன்றாமவர் உள்ளூர் நிலையத்துக்காரர். காபி வேண்டாம் என்றார்கள். மனைவி போட்டுவிட்டாள். அது ஆறிக்கொண்டே இருந்தது.

ஃப்ளெக்ஸ் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். 'இவண்: தாய்மாமன் குடும்பத்தார்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது.

"குடும்பத்தார் என்று போட்டிருக்கிறீர்கள். இவன் உங்களுக்கு என்ன உறவு?"

நான் காலிக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் போலக் கேட்டது. மேலதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் இல்லையென்றால் காலியாக விட்டிருக்கலாமே?"

உள்ளூர்க்காரர்தான் கை கொடுத்தார். "விட முடியாது சார். எங்க ஊருல காலியா விட்டா மாமனுக்கு ஆள் பத்தலைன்னு பேசிருவாங்க. போன வருஷம் ஒரு கல்யாணத்துல என் படத்தையே போட்டுட்டாங்க. எனக்கு மாப்பிள்ளையும் தெரியாது, பொண்ணும் தெரியாது."

தமிழ் அதிகாரி அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். மேலதிகாரி சிரிக்கவில்லை. 'வழக்கறிஞர்' என்ற சொல்லை விரலால் தொட்டு, இந்தப் பெண் இன்னும் பதிவு செய்யவில்லையே என்றார். மகள் ஆங்கிலத்தில் நிதானமாகப் பதில் சொன்னாள். அந்த இளைஞனிடம் தான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, அவன் எண் தன்னிடம் இல்லை, ஃபோனை முறைப்படி கேட்டால் தருகிறேன் என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். அந்த இளைஞன் எப்படிப்பட்டவன்?

அவனைப் பற்றி நான் பார்த்த ஒரே விஷயம் இதுதான். ஒருநாள் மாலை, தறிக்கூடத்தின் முன்னால் அறிமுகமில்லாத இரண்டு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சரக்கு ஆட்டோ நின்றது. உதிரிபாகம் விற்க வந்தவர்களாக இருக்கலாம், துணி எடுக்க வந்தவர்களாக இருக்கலாம். நான் நின்றுகூடப் பார்க்கவில்லை.

"ஒரு மாதிரியான பையன் சார்" என்றேன். "அடிக்கடி வெளியூர் ஆளுகளோட நின்னு பேசிக்கிட்டு இருப்பான். நாங்க ஒதுங்கியே இருப்போம்."

தட்டச்சு ஓசை கேட்டது. வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்து வேண்டாம், சாட்சி போலீஸிடம் சொல்வதற்குக் கையெழுத்து வாங்குவதில்லை என்றார்கள். கையெழுத்து இல்லாத தாளை என் மேசையிலிருந்து நான் ஒருநாளும் நகர விட்டதில்லை. அன்று அதுவே ஆறுதலாக இருந்தது. கிளம்பும்போது உள்ளூர்க்காரர் என் தோளைத் தட்டி, "ஒண்ணும் இல்லண்ணே, பாப்பாவுக்குப் பிரச்சனை வராது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவைச் சாத்திய பிறகு மகள் கேட்டாள். "எத்தனை தடவை பாத்தீங்க?"

"எதை?"

"வெளியூர் ஆளுகளோட அவன் நின்னதை."

நான் தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்தேன். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் ஆறிய காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை நின்று வாதாடவில்லை.

"அப்பா, அவன் ஜாமீன் மனு சிறப்பு நீதிமன்றத்துல இந்த மாசக் கடைசியில வருது. உங்க வார்த்தை வழக்கு நாட்குறிப்புல இருக்கும். அதை அப்படியே படிப்பாங்க. உங்களை யாரும் கூப்பிட்டு அடிக்கடின்னா எத்தனை தடவைன்னு கேக்க மாட்டாங்க. கேக்குறதுக்கு விசாரணை தொடங்கணும். அதுக்கு எத்தனை வருஷமாகும்னு யாருக்கும் தெரியாது."

"அவன் நிஜமாவே செஞ்சிருந்தா?"

"செஞ்சிருந்தா வேற சாட்சி இருக்கும். நீங்க பாக்காததை வச்சு அவன் உள்ள இருக்க வேண்டாம்."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"ஒரு தடவைதான் பாத்தேன்னு எழுதி அனுப்புங்க."

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "பிள்ளைக்குச் சான்று வரட்டும். கோட்டு போட்டதுக்கப்புறம் எழுதுங்க. இப்ப எழுதினா, ஏன் மாத்திப் பேசுறீங்கன்னு மறுபடி வீட்டுக்கு வர மாட்டாங்களா?"

எனக்கும் அதே எண்ணம்தான். சொல்லத் துணிவில்லாமல் இருந்தேன், அவள் சொல்லிவிட்டாள். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மனு அதுக்கு முன்னாடி வருதேம்மா" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் எழுதினால் எனக்குச் சான்று கிடைக்காமல் போகுமா என்று அவள் கேட்டிருந்தால், அதையே பிடித்துக்கொண்டு நான் எழுதாமல் இருந்திருப்பேன்.

முப்பது வருடமாகக் கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்த நான்கு வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடித்தது. 'பதற்றத்தில் சொல்லிவிட்டேன்' என்று எழுதி அடித்தேன். 'என் மகளின் எதிர்காலம் கருதி' என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில், அந்த நபரை நான் அவ்வாறு பார்த்தது ஒரே ஒரு முறை, உடனிருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, 'அடிக்கடி' என்று நான் கூறியது சரியல்ல என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணை அதிகாரிக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் அலுவலகப் பெண் முகவரியைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையோடு பேருந்து ஏறினேன்.

ஜாமீன் மனு தள்ளுபடியானது. உத்தரவு நகலை மகள் வாங்கிப் படித்தாள். அதே பகுதிக்காரர் ஒருவரின் வாக்குமூலம் என்று என் வாக்கியம் அதில் இருந்தது. அவர் பின்னர் அனுப்பிய கடிதத்தை இந்தக் கட்டத்தில் எடைபோட முடியாது, விசாரணையின்போதுதான் பார்க்க முடியும் என்றும் இருந்தது. சட்டப்படி அது சரிதான் என்றாள் மகள். சரியா இல்லையா என்பதை அவள் சொல்லவில்லை, சட்டப்படி சரி என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப நான் எழுதினது வீணா?"

"இல்லப்பா. கடிதம் ஃபைல்ல ஏறிருச்சு. அப்பீல்ல அவங்க வக்கீல் அதை எடுத்துப் பேசலாம்."

அவளுடைய சரிபார்ப்புச் சான்று மட்டும் இன்னும் வரவில்லை. நிலையத்தில் கேட்டால் மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். மேலிடம் எது என்று சொல்வதில்லை. என் கடிதம்தான் காரணமா, ஃப்ளெக்ஸா, அல்லது வெறும் தாமதமா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை; கேட்டால் அதையும் எழுதிவைப்பார்களோ என்று பயம். அந்த உள்ளூர்க்காரர் இப்போது என்னைக் கண்டால் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

போன வாரம் அவளோடு படித்தவர்கள் சென்னையில் உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அன்றும் அவள் வழக்கம்போல வெள்ளைச் சுடிதாரில் ஒரு சீனியர் வக்கீலின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள், கோர்ட்டுக்குள் வாய் திறக்க முடியாது. தோழிகள் அனுப்பிய படங்களை மாலையில் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இவளுக்குக் கோட்டு லூசா இருக்கு பாருங்க" என்று சிரித்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பதிவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நாளை திங்கள்கிழமை. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு, அவள் சான்றைக் கேட்டு, மறுபடியும் நிலையத்துக்குப் போகப்போகிறேன்.