போர்ப் பொன்

இது நடந்தது. சாட்சி கேட்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம், அலமாரியில்தான் இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, தானாகத் திறக்கும் கதவு என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில். காரணம் எளிது. பேய்க்கு இருட்டு இருந்தால் நல்லது. நிறம் சேர்ப்பதற்கு வெயில் இருந்தே தீர வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கலந்த மஞ்சள் மறுநாள் காலையில் அதே மஞ்சளாக இருக்காது.

என் தொழில் பல் செட் செய்வது. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகிற பொய்ப்பல்லை நான் செய்து கொடுப்பேன். புகை பிடிப்பவர் மஞ்சள், டீ குடிப்பவர் மஞ்சள், பல்லே விளக்காமல் விளக்கினேன் என்பவர் மஞ்சள், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு நேரத்தில், விரல் உயரப் பட்டாளத்துப் பொம்மைகளுக்குச் சீருடை வண்ணம் தீட்டுவேன். பொம்மை என்று சொல்லக் கூடாது. எங்கள் சங்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் காபியைக் கீழே வைத்துவிட்டு முறைப்பார்கள். ‘வரலாற்றுச் சிற்றுருவம்’ என்று சொல்ல வேண்டும்.

சங்கத் தலைவரைக் கர்னல் என்போம். பட்டாளத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு மீசையோடு சரி. குளியலறை டைல்ஸ் விற்றுச் சம்பாதித்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய துணி உண்டு. ஆற்றங்கரையில் கடைசி ஆள் வரை நின்று மடிந்த ஒரு படையின் கால்சட்டைத் துணி என்பார். அதற்கு ஆற்றுப்படை என்று நாமகரணமும் செய்திருந்தார். புலவர்கள் பாடும் ஆற்றுப்படை வேறு. இது சாகப்போன படை.

அந்தத் துணியின் நிறம் ஒரு மங்கிய பழுப்பு மஞ்சள். அதற்கு ‘போர்ப் பொன்’ என்று பெயர் சூட்டியவரும் அவரே.

இரண்டு வருடமாக ஆண்டுப் போட்டியில் என்னைக் கழித்துக் கட்டினார்கள். பழைய ஓவியங்களில் ஆற்றுப்படையின் கால்சட்டை வெள்ளை. நானும் வெள்ளைதான் அடித்திருந்தேன்.

“ஓவியன் சோம்பேறி தம்பி. மஞ்சள் கலக்க வலிச்சிருக்கும், வெள்ளையா விட்டுட்டான்” என்றார் கர்னல். “துணி பொய் சொல்லாது.”

நாள் முழுக்க மஞ்சளோடு மல்லுக்கட்டுகிறவனைப் பார்த்து, மஞ்சள் தெரியாதவன் என்று பத்துப் பேர் நடுவில் சொன்னால் எப்படி இருக்கும்? இந்த வருடக் கோப்பை என் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. நேரே கர்னல் வீட்டுக்குப் போய்த் துணியைக் கேட்டேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சட்டத்தைக் கழற்றி, ஓரத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டிக் கொடுத்தார்.

“பார்த்து அடிச்சாப் போதாது. நூலைப் பிரிச்சு சாயத்துலயே ஊறப் போடுங்க. அசல் உள்ள இறங்கணும்.”

இறக்கினேன்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சின்ன வேலைக்குத் தூரிகையின் முனை ஊசிபோல இருக்க வேண்டும். தண்ணீரில் அலசுவேன், உதட்டில் வைத்து இழுத்து, நாக்கு நுனியில் உருட்டுவேன். முனை கூராகிவிடும். இந்த வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் யாரும் பார்க்காதபோது இப்படித்தான்.

நூல் இரண்டு நாள் ஊறியது. மூன்றாம் நாள், சனிக்கிழமை, என் மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“ஏங்க, இங்க எலி கிலி செத்துக் கெடக்கா?”

“சாயம்.”

“சாயமா? கழுவாத கக்கூஸ் மாதிரி வருது.”

“வரலாறு அப்படித்தான் வரும்.”

“அப்ப வரலாற்ற பால்கனியில வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜன்னலோரம் மேசை. கண் கூசும் வெயில். பன்னிரண்டு வீரர்கள். சிவப்புச் சட்டை ஏற்கனவே அடித்தாயிற்று. கால்சட்டை மட்டும்தான் பாக்கி. பக்கத்தில் தூரிகை அலசக் கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர்.

நிறம் அச்சாக அமைந்தது. துணிக் கீற்றை அருகே வைத்துப் பார்த்தேன். இம்மியும் பிசகவில்லை. முதல் நான்கு பேரை முடித்துவிட்டுத் தூரிகையை அலசப் போனேன்.

டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

வெயில் காலம், உறிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன். நிரப்பினேன். அடுத்த இருவரை முடித்தேன். மறுபடியும் பாதி. மேசை காய்ந்திருந்தது. டம்ளரில் கீறல் இல்லை. நிரப்பினேன்.

ஈ மொய்க்கும் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, குப்பைத் தொட்டி மூடியைத் திறந்தால் வருமே, அந்த அளவுக்கு. அறை முழுக்கத் தேடினேன். ஓர் ஈ கூட இல்லை. சத்தம் மட்டும் பொம்மைகளின் இடுப்பு உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் முடித்தவனைத் தொட்டுப் பார்த்தேன். அது பத்து நிமிடத்தில் காய்கிற சாயம். காயவில்லை. வெதுவெதுப்பாக, வழுவழுவென்று விரலில் ஒட்டியது. கால்சட்டையிலிருந்து பாதம் வரை ஒரு கோடு வழிந்திருந்தது. நான் அடிக்காத கோடு.

விரலை முகர்ந்தேன். முகர்ந்திருக்கக் கூடாது.

விட்டுவிடலாம்தான். ஆனால் மறுநாள் போட்டி. ஆறு பேர் பாக்கி. ஆசை யாரை விட்டது? கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அடித்தேன். வாய் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது ஆள். பூட்சுக்கு மேலே மெல்லிய விளிம்பு.

அப்போது கேட்டது.

ச்சப்... ச்சப்... ச்சப்...

பூனை பால் குடிக்கிற மாதிரி. ஆனால் ஒரு பூனை அல்ல.

நிமிர்ந்து பார்த்தேன். சத்தம் நின்றது. டம்ளர் காலி. அடியில் ஈரம்கூட இல்லை.

முனை கூர் இல்லை. அலசத் தண்ணீர் இல்லை. கை தானாக வாய்க்குப் போனது. தூரிகையை நாக்கில் வைத்தேன்...

இழுத்தது.

நான் இழுக்கவில்லை. அது இழுத்தது. தூரிகையின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ உறிஞ்சுகிற மாதிரி. நாக்கு வறண்டது. ஈறு வறண்டது. தொண்டை ஒட்டிக்கொண்டது.

பிடுங்கி எறிந்தேன்.

“இன்னும்...”

காதருகில். மூச்சில் அதே நாற்றம்.

“இன்னும்...”

ஒரு குரல் அல்ல.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். அந்த வீட்டு அம்மா, “என்ன சார், பாலைவனத்துல இருந்தா வர்றீங்க?” என்றார். காலிச் செம்பை மறுபடி நீட்டினேன்.

மனைவி திரும்பிய பிறகுதான் உள்ளே போனேன். மேசையைப் பார்த்து அவள் இடுப்பில் கைவைத்தாள்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க, பார்த்திருக்கேன். நீங்க பொம்மைக்குக் காட்டுறீங்களா?”

வரிசையில் நிறுத்தியிருந்த பன்னிரண்டு பேரும் காலி டம்ளரைச் சுற்றி நின்றிருந்தார்கள். நெருக்கியடித்துக்கொண்டு.

தண்ணீர் போன கதையை அவளிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாள் போட்டிக்கு எடுத்துப் போனேன். கர்னல் பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். மீசை துடித்தது. நீளமாக மூச்சை இழுத்தார்.

“இதுதான். வாசனையக் கவனிங்க... வெடிமருந்தும் வீரமும் கலந்த வாசனை.”

உறுப்பினர்கள் வரிசையில் நின்று முகர்ந்தார்கள். செயலாளர் கண் கலங்கினார். வீரத்தாலா, நாற்றத்தாலா, தெரியாது. பொருளாளர் இரண்டாவது முறையும் வரிசையில் நின்றார். கைதட்டலோடு கோப்பை என் கைக்கு வந்தது.

அடுத்த வாரம் கர்னல் தொலைபேசியில் அழைத்தார். குரலில் மீசை இல்லை.

“தம்பி... சட்டத்தத் திறந்ததுல இருந்து வீடெல்லாம் நாத்தம். மருமக அந்தத் துணிய மெஷின்ல போட்டுட்டா.”

“ஐயையோ. சாயம் போயிடுச்சா சார்?”

“சாயமே இல்ல தம்பி. பால் மாதிரி வெள்ளையா வந்து நிக்குது. தண்ணிதான்... அந்த மஞ்சத் தண்ணியப் பாத்துட்டு அவ இன்னும் சாப்பிடல.”

எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரிய வேண்டாம் என்றிருந்தது.

“கடைசி ஆள் வரைக்கும் நின்னாங்கன்னு சொன்னீங்களே?”

“அந்த நோவுல எவன் நிப்பான்?” என்றார். “துணிய வித்தவன் அப்பவே சொன்னான். நான்தான் வெளிய சொல்லல. சண்டையே நடக்கல தம்பி. கூடாரம் அடிச்ச எடத்துலயே வாந்திபேதி. மொத்தப் படையும் போயிடுச்சு.”

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“அதுகூடப் பரவாயில்ல. தண்ணி குடுத்தா நோய் ஏறும்னு வைத்தியன் உத்தரவு. குடத்துக்குக் காவல் போட்டுட்டாங்களாம். கண்ணெதிர ஆறு ஓடுது... ஒரு வாய் கேட்டுக் கேட்டே செத்திருக்கானுங்க.”

டம்ளர் வற்றியதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி... நீங்க பிரஷ்ஷ வாயில வெச்சுத்தானே...”

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இப்போது கோப்பை அலமாரியில் இருக்கிறது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். தினமும் காலையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுகிறேன். மதியத்துக்குள் வற்றிவிடுகிறது. ஒருநாள் ஊற்ற மறந்தேன். அன்று தூங்கி எழுந்தபோது என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது.

சாயம் இன்னும் காயவில்லை.