அழகுத்தாயின் புல்

பள்ளிவாசல் என்ற மலையூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் கோல்ஃப் மைதானம். அங்கே புல்லைப் பராமரிப்பவள் அழகுத்தாய். ஆடுகிறவர்கள் மட்டையால் அடிக்கையில் மண்ணோடு பெயரும் புல்லைத் திரும்பப் பதித்தே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. திட்டாமல் ஒருநாளும் பதித்ததில்லை.

திங்கட்கிழமை தொழிலாளர்கள் ஆடலாம். அவளும் ஆடுவாள். குழியைத் தாண்டி விழுந்த பந்து சுழன்று பின்னால் திரும்பி வருமே, அந்த அடியின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. அவள் அடித்த பந்தோ முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

“பந்துல பட்ட கையோட மட்டை மண்ணையும் பேத்து எடுக்கணும்க்கா. நீ புல்லுக்குப் பாவம் பாத்து மேல தூக்கிடுத,” என்றான் மட்டைப் பை சுமக்கும் பாண்டித்துரை.

“பேக்குறது நீங்க, ஒட்டுறதுக்கு நானாலே?” என்று சீறினாள்.

ஆனாலும் ஆசை விடவில்லை. புல் பெயர்ந்த இடத்தை நிரப்பும் மண்வாளியைக் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் துணிச்சல் வந்தது. மட்டையை ஓங்கி இறக்கினாள். புல் பறந்தது. பந்து குழிக்கு அப்பால் விழுந்து, ஒரு கணம் நின்று, பின்னால் உருண்டு குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மைதானமே கூச்சல் போட்டது. “யக்கா, பாத்தியா?” என்று கத்தினான் பாண்டித்துரை.

அழகுத்தாய் பார்க்கவில்லை. மண்டியிட்டு, பெயர்ந்த புல்லை அதனிடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“பந்துக்கு என்னலே, அது கெடக்கும். புல்லு வாடிரும்லா!”