இரண்டு பக்கமும் சிங்கம்

“…கவர்மென்ட்டு தங்கசாலைல தப்பா அடிச்ச காசுன்னா, விளிம்புக்குள்ள இந்தக் கோடு வராதும்மா. ரெண்டு காசை லேத்துல கடைஞ்சி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருவிக்கீறாங்க. போலிம்மா இது.”

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் பழைய காசு வாங்கி விற்பவர் அவர். கண்ணில் எப்போதும் ஒரு லென்ஸை இடுக்கியிருப்பார். போலி வந்தால் உளியால் ஒரு வெட்டு வெட்டித்தான் திருப்பித் தருவார். “இன்னொருத்தன் ஏமாறக் கூடாது பாரு” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எதிரே நின்ற அம்மாவின் புருஷன் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். போன மாதம் அங்கேயே மிஷினில் சிக்கி இறந்துபோனார். இரண்டு பக்கமும் சிங்கம் இருக்கும் அந்த ஒரு ரூபாய் லட்சத்துக்குப் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, பெண்ணைக் காலேஜில் சேர்ப்பதற்காக அந்த அம்மா அதை எடுத்து வந்திருந்தார்.

வியாபாரி உளியைக் காசின் மேல் வைத்தார்.

“பொண்ணுகிட்ட டாஸ் போட்டா எப்பவும் அவருதாண்ணா ஜெயிப்பாரு. அது சண்டை போட்டுக்கினே இருக்கும்” என்றார் அந்த அம்மா. “லேத்துல செஞ்சதுன்னா… அப்ப இத்த அவரேதான் செஞ்சாரா?”

வியாபாரி உளியைக் கீழே வைத்தார். கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி அந்த அம்மாவின் கையில் கொடுத்து, கோடு தெரியும்படி காசை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார்.