சுவருக்கு ஜுரம் பார்க்கும் வேலை

பிறர் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். ஆனால் சுவர் என்றதும் என் காதில் முதலில் கேட்பது ஒரு பழைய சத்தம். கல்யாணமாகி கோலார் தங்கவயலுக்கு வந்த புதிது. பூமிக்கு அடியில் யாரோ பெரிய மரப்பெட்டியை நழுவவிட்டதுபோல ஒரு 'தொம்'. அலமாரியில் அடுக்கியிருந்த டம்ளர்கள் கிலுகிலுத்து அடங்கின. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிவதை இங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இருட்டில் தாழ்ப்பாளைத் தடவித் திறந்து நான் வெளியே வந்தபோது, தெருப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி அத்தனை சீக்கிரம் தாழ்ப்பாள் கையில் கிடைத்தது என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். கணவரும் போன பிறகு சாயங்காலங்கள் நீண்டுவிட்டன. அந்தச் சமயத்தில் ஒரு பெண் எஞ்சினியர் இந்த ஊரில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடுகளைக் கட்ட ஆரம்பித்தாள். இரண்டு சுவர், நடுவில் பஞ்சுபோல ஏதோ ஒன்று. அந்தச் சுவர் வழியாக எவ்வளவு சூடு வெளியே நழுவுகிறது என்று அளக்க அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்கும் ஏதாவது தேவைப்பட்டது.

கரண்ட் மீட்டர் படிக்கிறவர்களே, கேஸ் அடுப்பு பழுதுபார்க்கிறவர்களே, கணக்கெடுக்க வந்து வாசலில் நிற்கிறவர்களே, நீங்கள் என் இனம். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் மட்டும் சிரிக்காதீர்கள்.

ஜுரம்

கோரமண்டல் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கமலம்மாவின் புது வீடு. அவர் பிறந்தது, கல்யாணமானது, பிள்ளை பெற்றது எல்லாம் ஸ்கெலட்டனில், சுரங்கத் தொழிலாளிகளின் தகரக்கூரை வீடுகளில். மார்கழி வந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். ராத்திரியில் அறை குளிரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சேகர் இந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான். இந்தக் குளிர்காலத்தில் வீடு சூட்டைப் பிடித்து வைக்காவிட்டால், பொங்கல் கழிந்ததும் அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் அவனுடைய பதினோராவது மாடிக்குப் போய்விட வேண்டும். கமலம்மாவுக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. வீடு சூட்டைப் பிடித்து வைக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் நான்.

நாணயம் போன்ற ஒரு தகட்டில் பசை தடவி, படுக்கையறைச் சுவரில் ஒட்டினேன். ஒயரைச் சின்னப் பெட்டியில் சொருகினேன். சுவர் வழியாகச் சூடு போவதை இது குறித்துக்கொண்டே இருக்கும், ஹீட்டர் எரியட்டும், ஜன்னல் கதவெல்லாம் மூடியிருக்கட்டும் என்று சொன்னேன். கமலம்மா தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தார்.

"இன்னா டீச்சரம்மா, எனக்குத்தான் வீசிங்னு பாத்தா, செவுத்துக்கும் ஜுரமா?"

பாதி பாதி

இந்த ஊரில் ஒருத்தி சுவரிலோ தரையிலோ ஒயரை ஒட்டினால், அவள் தேடுவது ஒரே ஒரு பொருளைத்தான் என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டு சம்பந்தம், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நான் வெளிச்சுவரில் இன்னொரு கருவியைப் பொருத்துவதை மதில்மேல் கையூன்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூட்டை அளக்கிறேன்" என்றேன். "அப்படித்தான் சொல்லணும்" என்றார். "சூட்டைத் தவிர இதில் வேறு எதுவும் தெரியாது" என்றேன். "தெரிஞ்சாலும் சொல்ல முடியாது, புரியுது" என்றார். இயற்பியலை எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்படி மரியாதையாக நம்ப மறுத்த மாணவன் ஒருவன்கூட எனக்கு வாய்த்ததில்லை. மறுநாள் காலையில் மதில்மேல் எனக்காக ஒரு டம்ளர் காபி ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் அவரும் நின்றார்.

"வெச்சதுதான் வெச்சீங்க, நம்ம செவுத்துலயும் ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க. கெடச்சா பாதி பாதி."

எந்த லெவல்?

கமலம்மாவின் கணவர் ராஜேந்திரன் அதிகம் பேசமாட்டார். நந்திதுர்க் சுரங்கத்தில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர். "அறைக்குள் சூடு எப்போதும் ஒரே லெவலில் இருக்கணும்" என்று நான் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'லெவல்' என்றால் இங்கே சுரங்கத்தின் ஆழம்.

"எந்த லெவல் மேடம்?" என்றார்.

ஆழமில்லை, அளவு என்று விளக்கினேன். அவர் ஏமாந்துபோய்ச் சாய்ந்துகொண்டார். பிறகு ஹீட்டர்ப் பக்கம் கையை நீட்டினார். ஆழத்தில் பாறையே கொதிக்கும், சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொள்வோம் என்று தானாகவே சொன்னார். அதற்கப்புறம் சொன்னதை நான் எஞ்சினியரிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அங்க சூட்டை வெளிய தள்றதுக்கு ஆளு வெச்சாங்க. இங்க அதை உள்ளயே வெக்கிறதுக்கு ஆளு வெச்சிகிறாங்க."

சுவரின் வக்கீல்

ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தேன். பகலெல்லாம் அறை கதகதப்பாக இருக்கிறது. ராத்திரி ஆனதும் அறைச்சூட்டைக் காட்டும் கோடு சரிகிறது. விடியும்போது வீட்டுக்குச் சுவரே இல்லாததுபோல் குளிர். ஆனால் என் தகடு வேறொன்றைச் சொன்னது. சுவர் வழியாகச் சூடு போகவே இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு கொஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தான். சரிகிற கோட்டைப் பார்த்தான், அம்மாவின் இருமலைக் கேட்டான். அவனுக்கு அது போதும். "சுவர் மேல் தப்பில்லை, சூடு வேறு எங்கேயோ போகிறது" என்றேன். "நீங்க சுவருக்கு வக்கீல் மாதிரி பேசுறீங்க மேடம்" என்றான். நல்ல பையன்தான், அம்மாவின் மூச்சுக்குப் பயப்படுகிறான். பதினோராவது மாடியில் வெயில் எப்படி வரும், ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கம் என்றெல்லாம் அடுக்கினான். சமையலறையிலிருந்து கமலம்மாவின் பதில் வந்தது, பாதி கன்னடத்தில்.

"எனக்கு பெங்களூரு பேடா, வேணாம். அந்த லிஃப்டு கேஜு மாதிரி கீது, ஆனா எறங்கினா சம்பளம் குடுக்கமாட்டான்."

பின்கதவு

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சொல்லாமல் போய் நின்றேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தால், கதவு ஒரு முழம் திறந்திருக்கிறது. மூடிக்கொள்ளாமல் இருக்க அம்மிக்குழவி முட்டுக்கொடுத்திருக்கிறது. மார்கழிக் காற்று வீட்டுக்காரர்போல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"கமலம்மா, ராத்திரி முழுக்க இது இப்படியேவா இருக்கும்?"

"பின்னே?" என்றார், சோற்றுக்கு உலை வைப்பீர்களா என்று கேட்டுவிட்டதுபோல். "மூடச் சொன்னேனே?" "ஜன்னலு மூடிட்டேன். முன்கதவும் மூடிட்டேன். பின்கதவ எப்படிம்மா மூடுறது?" ஏர் பிளாஸ்ட் வந்தால் நிலை கோணும், கதவு சிக்கிக்கொள்ளும், பிள்ளைகளோடு உள்ளேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஸ்கெலட்டனில் எந்தப் பெண்ணும் பின்கதவைத் தாழிட்டதில்லை. அவர் அம்மா தாழிட்டதில்லை, இவரும் தாழிட்டதில்லை. அந்தப் பழைய இருட்டில் தெருவில் எனக்கு முன்பே நின்றிருந்த பெண்கள் எல்லோரும் அப்போது என் கண்முன் வந்து நின்றார்கள். அவர்கள் யாரும் தாழ்ப்பாளைத் தேடவே இல்லை.

"சுரங்கத்தை மூடி எத்தனை வருஷமாச்சு கமலம்மா?" என்றேன் மெதுவாக.

"மூடினவங்க ஆபீசைத்தான் மூடினாங்க. பூமிக்கு யாரு சொன்னாங்க?"

கடப்பாரை

இந்தக் கதவு திறந்திருக்கும்வரை பழி சுவர்மேல்தான் விழும், பொங்கலுக்குப் பிறகு பெங்களூர்தான் என்று உள்ளதைச் சொன்னேன். கமலம்மா குழவிக்கல் பக்கத்தில் உட்கார்ந்தார். "பதினோராவது மாடியிலர்ந்து எப்படிம்மா ஓடுறது?" என்றார். அத்தனை நாளும் அவர் பயந்தது ஊரைப் பிரிவதற்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ராஜேந்திரன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். கடப்பாரையைக் கொண்டுவந்து, மண்ணைத் துடைத்து, கட்டிலில் தன் பக்கத்தில் கிடத்தினார். "சிக்கினா நான் ஒடைக்கிறேன். நீ மூடிட்டுப் படுமே." "ஒடைக்கிற வயசா உங்களுக்கு?" என்றார் கமலம்மா. ஆனால் அன்றைக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த வாரம் என் பெட்டியில் கோடு சரியாமல் ராத்திரியைக் கடந்து நேராகப் போனது. இருமல் குறைந்தது. சேகர் கோட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "சரி, இங்கேயே இருங்க. அந்தக் கடப்பாரையை மட்டும் எடுத்துடுங்கப்பா, கால்ல விழும்" என்றான். முந்திக்கொண்டு பதில் சொன்னது கமலம்மா.

"செவுத்துக்கு நடுவுல அந்த எஞ்சினியரம்மா பஞ்சு வெச்சாங்க இல்ல, அதும்மாதிரிதான்டா இதுவும். எடுக்கக் கூடாது."

இந்த வேலையில் நான் படித்த பாடம் ஒன்றுதான்: ஒரு வீட்டின் சூடு எந்த வழியாகப் போகிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெண் எந்த வழியாக ஓடுவாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ராஜேந்திரன் போன ஆடியில் காலமானார். கமலம்மா அதே வீட்டில் இருக்கிறார், பின்கதவைத் தாழிட்டுத்தான் படுக்கிறார், கட்டிலில் கணவர் படுத்த பக்கத்தில் கடப்பாரை கிடக்கிறது.